பழைய பியட் வாங்கப் போகிறீர்களா? எஞ்சினை விடுங்கள், ஆர்சி புத்தகத்தைப் புரட்டுங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பில், சாக்கு போர்த்தி நின்றிருந்த 1986 மாடல் பிரீமியர் பத்மினியை 38,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இன்றைக்கு அது ஓடுகிறது. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் வரை போய்த் திரும்பியும் இருக்கிறது. ஆனால் வாங்கிய நாளிலிருந்து ரோட்டில் இறக்க 19 மாதம் ஆனது. அதில் நான் ஸ்பேனர் பிடித்தது எட்டு மாதம்தான். மிச்சம் முழுக்கக் காகிதத்தோடு அலைந்தது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பத்மினி என்பது கம்பெனி வைத்த பெயர். நம் ஊரில் அது பியட். நானும் பியட் என்றே எழுதுகிறேன். ஸ்பார்க் பிளக் கழற்றுவது, ஆயில் மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்தக் கார்?

முதல் முறை என்றால் பியட் அல்லது அம்பாசிடர். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பார்க்க அழகுதான், 1961 முதல் சென்னையிலேயே தயாரானதும்கூட. ஆனால் அதற்கு ஒரு கதவுக் கண்ணாடி தேடுவதற்குள் ஆசையே விட்டுப்போகும். அம்பாசிடர் 2014 வரை வந்ததால் பாகம் சுலபமாகக் கிடைக்கிறது. பியட்டுக்கு பெங்களூர் ஜே.சி. ரோடு, இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. ஓசூரில் பஸ் ஏறினால் ஜே.சி. ரோடு போய்விட்டு சாயங்காலமே திரும்பிவிடலாம்.

என் ஓட்டு பியட்டுக்கு. 1089 சிசி எஞ்சின், எடை குறைவு, ஒரே ஆள் தள்ளினாலும் நகரும் (நான் தள்ளியிருக்கிறேன்). இன்னொரு காரணமும் உண்டு. பியட்டின் போல்ட் எல்லாம் எம்.எம். அளவு, அதனால் பைக்குக்கு வைத்திருக்கும் ஸ்பேனர் செட்டே போதும். அம்பாசிடருக்கு இஞ்ச் ஸ்பேனர் தனியாக வாங்க வேண்டும். எம்.எம். ஸ்பேனரை வைத்துச் சமாளித்து போல்ட் தலையை உருட்டிவிட்டு அப்புறம் வெல்டிங் கடையில் நிற்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது

பகலில் போங்கள். துணி சுற்றிய காந்தம், டார்ச், பழைய ஸ்க்ரூ டிரைவர், படுத்துப் பார்க்க ஒரு சாக்கு. வேறெதுவும் வேண்டாம்.

பியட்டுக்குத் தனியாக சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடிதான் மொத்தப் பாரத்தையும் தாங்குகிறது. அதனால் அடித்தகடு போய்விட்டால் காரே போன மாதிரி. மிதியடியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், இந்த மூன்றும்தான் முதலில் துருப்பிடிக்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் (பள்ளத்தை மறைக்கப் பூசும் பசை) இருக்கிறது. நான் கூட்டிப் போன மெக்கானிக் இடது பக்க மட்கார்டில் காந்தத்தை வைத்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது கார் இல்ல. பட்டிக்கு டயர் மாட்டி நிறுத்தியிருக்காங்க."

தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் மாவட்டங்களில் வாங்குவதில் ஒரு லாபம் உண்டு. காற்று வறண்டது. கடற்காற்று பட்ட சென்னை வண்டியைவிட இங்கேயே கிடந்த வண்டி பெரும்பாலும் நன்றாக இருக்கும். மரத்தடி வண்டி மட்டும் வேறு கணக்கு. முன் கண்ணாடிக்குக் கீழே இலை சேர்ந்து மக்கி, ஈரம் தங்கித் தகட்டைத் தின்றுவிடும். என் வண்டியில் அந்த இடத்தில் இரண்டு விரல் நுழைந்தது.

எஞ்சின் சுற்றவில்லையா? பரவாயில்லை, அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்து பாருங்கள். ஃபுளோரைடுக்குப் பேர்போன நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பும் அதிகம். வருஷக்கணக்கில் அதையே ஊற்றி ஓட்டிய வண்டியில் உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கும். வாங்கிய பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான் ஊற்ற வேண்டும்.

காகிதம்: நான் விழுந்த குழி

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

வண்டி அப்பா பெயரில் இருந்தது. அவர் காலமாகிவிட்டார். மகன் என்னிடம் ஆர்சி புத்தகத்தைக் கொடுத்து, பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஏற்றி வந்துவிட்டேன். ஆர்டிஓ ஆபீஸ் கவுன்ட்டரில்தான் தெரிந்தது, அந்தப் படிவங்கள் வெறும் தாள். ஆர்சியில் பெயர் இல்லாதவர் எப்படி விற்க முடியும்? முதலில் இறப்புச் சான்று, வாரிசு சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வைத்து, படிவம் 31-இல் வண்டி மகன் பெயருக்கு வர வேண்டும். அதற்கு அப்புறம்தான் 29, 30 போட்டு என் பெயருக்கு வரும். ஒரு வாரிசு திருப்பூரில். அவர் கையெழுத்துக்கு நான் இரண்டு தடவை போய் வந்தேன்.

இதோடு முடிந்ததா? இல்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில் மங்கிப்போன ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. நான் அதை ஏதோ பழைய இன்சூரன்ஸ் முத்திரை என்று நினைத்தேன். அது எச்.பி., அதாவது பைனான்ஸ் கடன் பதிவு. கடனை எப்போதோ அடைத்துவிட்டார்கள், பதிவை யாரும் நீக்கவில்லை. அந்த பைனான்ஸும் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. படிவம் 35-இல் பைனான்ஸ் தரப்புக் கையெழுத்து இல்லாமல் எச்.பி. நீங்காது. எச்.பி. நீங்காமல் பெயர் மாறாது. பழைய பார்ட்னர் ஒருவரைப் பாலக்கோட்டில் தேடிப் பிடித்தேன். "கணக்கு நோட்டே இல்லையேப்பா, நான் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடறது?" என்று அவர் கேட்டதும் நியாயம்தான். கடைசியில் கடன் அடைத்த ரசீது, விற்றவர் வீட்டு டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே கிடைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நான்கு மாதம் இதற்கே போனது.

அதனால் வரிசை இதுதான். எச்.பி. நீக்கம், வாரிசு பெயர், உங்கள் பெயர், பிறகு படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிப்பது. முதல் இரண்டும் விற்பவர் வேலை. அதை முடித்த பிறகே முழுப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள், அதுவரை அட்வான்ஸ் மட்டும். பைனான்ஸ்காரரைக் கண்டுபிடிக்க முடியாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

செல்போனில் எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பைப் பார்த்துவிட்டு "நம்பரே காட்டவில்லை" என்று பயப்படாதீர்கள். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர் பல இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. முதலில் பதிவான அலுவலகத்துப் பழைய ரிஜிஸ்டரிலிருந்து ஏற்ற வேண்டும். அங்கே ஃபைல் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே போய்க் கேளுங்கள். ஆர்சியில் "தருமபுரி மாவட்டம்" என்று இருக்கும், வீடு கிருஷ்ணகிரியில் இருக்கும். 2004-இல்தானே கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. முகவரி கேட்கும் எல்லாக் கவுன்ட்டரிலும் இதை ஒரு தடவை விளக்க வேண்டியிருந்தது.

சேஸ் நம்பரின் மேல் பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து, ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் நம்பரையும் பாருங்கள். பழைய வண்டிகளில் எஞ்சின் மாற்றிவிட்டு யாரும் எழுதி வைப்பதில்லை.

எஞ்சினை எழுப்புவது

ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள். பிரேக் பிடிக்காத காரைக் கயிறு கட்டி இழுக்கிற வேலை வேண்டாம்.

பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகளில் டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் நான்காவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். என்னுடையது ஒன்பதாம் நாள் அசைந்தது. அசைந்ததும் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பிறகுதான் ஸ்டார்ட். பிளக் ஒயர் வரிசை 1-3-4-2. நான் அசட்டையாக 1-2-3-4 என்று மாட்டி, கார்புரேட்டர் வெடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் ஒரு நாள் முழுக்கத் திரும்பவில்லை.

கருவிகளில் காசு போட வேண்டியது ரிங் ஸ்பேனரிலும் ஜாக்கி ஸ்டாண்டிலும்தான். நான் டபாரியா கம்பெனி ஸ்பேனர் வைத்திருக்கிறேன், வழுக்கியதில்லை. நூறு ரூபாய் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைத்துக் கீழே படுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் உடைவதற்கு முன் சொல்லிவிட்டு உடையாது.

பிரேக்கும் பெட்ரோலும்

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வீல் சிலிண்டர், ரப்பர் கப், ஹோஸ் அனைத்தும் புதிது போடுங்கள். "இது நல்லா இருக்கே" என்று எதையும் விட்டுவைக்காதீர்கள். பிரேக் மேல் முழு நம்பிக்கை வரும் வரை தருமபுரி-சேலம் ரோட்டில் உள்ள தொப்பூர் இறக்கம் பக்கமே போக வேண்டாம். லாரிகளே அங்கே திணறுகின்றன.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷரும் அதில் ஊறி வீங்கி ஒழுகும். எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது டேங்கை வடித்துவிடுங்கள்.

டிங்கரிங், பெயிண்ட் கடைசி. முதலில் பெயிண்ட் அடித்துவிட்டு எஞ்சின் இறக்கியவர்கள் இரண்டாவது தடவையும் பெயிண்ட் அடித்தார்கள்.

பின்னால் சேர்த்தது

1. "விண்டேஜ் நம்பர் வாங்கலாமா?" என்று பலர் கேட்டார்கள். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பரில் "விஏ" வரும். ஆனால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். என் பியட்டுக்கு அந்த வயதும் இல்லை. சாதாரணப் புதுப்பிப்பே எடுத்தேன், 5 வருஷத்துக்கு ஒரு தடவை. 20 வருஷம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். தாமதக் கட்டணம் தனி.

2. ஓசூர்க்காரர் ஒருவர் கர்நாடக நம்பர் அம்பாசிடரை 30,000-க்குப் பேசி வைத்துவிட்டுக் கேட்டிருந்தார். படிவம் 28-இல் அங்கிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள் என்றேன். கூட்டிப் பார்த்துவிட்டு அவர் இப்போது ஊத்தங்கரைப் பக்கம் ஒரு வண்டி பார்க்கிறார். ஆர்சியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.