ஃபைட்டர் மீன் குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மீன் வளர்ப்பவர்கள் சந்தித்தால் முதல் கேள்வி, ‘ஃபைட்டர் முட்டை போட்டுச்சா?’ என்பதுதான். போடும். ஆரோக்கியமான ஜோடி கிடைத்தால் நம்ம வெயிலுக்குப் போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: குஞ்சுக்குச் சாப்பாடு ரெடியா?

முட்டை 24 முதல் 48 மணி நேரத்தில் பொரிந்துவிடும். அப்புறம் இரண்டு மூன்று நாள் குஞ்சுகள், ஆண் மீன் தண்ணீரின் மேலே குமிழிகளால் கட்டும் நுரைக்கூட்டுக்கு அடியில் வால் கீழே தொங்க ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றோடு இருக்கும் மஞ்சள்கருப் பைதான் அதுவரை ஆகாரம். என்றைக்குப் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்குகிறதோ அன்றைக்கே இரை வேண்டும். அப்போது ஓடிப்போய்க் கடையில் குஞ்சுத் தீவனப் பொடி வாங்குவதும், அவித்த முட்டை மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றுவதும்தான் ஆகப் பெரிய தவறு. அசைகிற இரையைத்தான் இந்தக் குஞ்சுகள் குறிவைத்துப் பிடிக்கும். சும்மா மிதக்கும் மஞ்சள்கரு அடியில் படிந்து, சாயங்காலத்துக்குள் தண்ணீரை நாறடித்துவிடும்.

ஆணையும் பெண்ணையும் தயார்படுத்தத் தொடங்கும் அன்றே இன்ஃபுசோரியா, அதாவது தண்ணீரில் வளரும் நுண்ணுயிர் இரை, அதற்கான பாட்டிலையும் வைத்துவிடுங்கள். பழைய தொட்டித் தண்ணீரில் ஒரு துண்டு முட்டைக்கோஸ் இலையோ காய்ந்த வாழைப்பழத் தோலோ போட்டு, வெளிச்சம் விழும் நிழலில் வைத்தால் போதும். முதலில் பால் மாதிரி கலங்கி நாறும்; அது வெறும் பாக்டீரியா, அந்த நிலையில் ஊற்றக்கூடாது. சில நாளில் தண்ணீர் தெளிந்து நாற்றம் அடங்கும். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைத் தூசி தானாக நகர்வது தெரியும். அதுதான் பதம். நான்கைந்து நாள் இதைக் கொடுத்துவிட்டு, ஆர்ட்டிமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறால் குஞ்சுக்கு மாறலாம். லிட்டருக்குச் சுமார் 25 கிராம் உப்பு, விடாமல் ஏர் பம்ப், 28 டிகிரி சூடு இருந்தால் அதன் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். சாப்பிட்ட குஞ்சின் வயிறு கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளியாக மாறும். எந்தக் குஞ்சுக்கு இரை கிடைக்கவில்லை என்பதை அந்தப் புள்ளியை வைத்தே சொல்லிவிடலாம்.

ஜோடி விஷயத்தில் அவசரம்தான் எதிரி. கடையில் வாங்கிய அன்றே ஒன்றாக விட்டால் பெண்ணின் துடுப்பு கிழியும், சிலசமயம் உயிரே போகும். நீளவால் பகட்டோடு கடையில் நிற்கும் ஆண் பலசமயம் வயதானதாக இருக்கும். நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் இருப்பது உத்தமம். ஒரு வாரம், பத்து நாள் கொசுப்புழுவோ, மொய்னா என்னும் நீர்த்தெள்ளோ கொடுத்துத் தேற்றுங்கள். பிறகு பெண்ணை ஆணின் கண்ணில் படும்படி அரிக்கேன் விளக்குக் கண்ணாடிக்குள்ளோ, அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள்ளோ விடுங்கள். ஆண் நுரைக்கூடு கட்டி, பெண்ணின் உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் தெரிந்தால் திறந்துவிடலாம். தலையிலிருந்து வால்வரை படுக்கைக்கோடு தெரிந்தால் பெண் பயந்திருக்கிறது என்று அர்த்தம், பொறுங்கள்.

தொட்டியில் கூழாங்கல் போடாதீர்கள், முட்டை இடுக்கில் போய்விடும். நாலு ஐந்து அங்குலத் தண்ணீர் போதும், ஃபில்டர் வேண்டாம். ஒரு காய்ந்த பாதாம் இலை போடுங்கள். அது தானாக உதிர்ந்த பழுப்பு இலையாக இருக்க வேண்டும், பச்சை இலை ஆகாது. முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுங்கள். ஆண், குஞ்சு நீந்தும்வரை இருக்கட்டும். கீழே விழும் குஞ்சை வாயில் கவ்வி மறுபடி கூட்டில் வைப்பது அதன் வேலை. ராத்திரி முழு இருட்டாக்கிவிட்டால் அதற்குக் கண் தெரியாது, சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கியதும் அப்பனையும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளைகளே இரை.

இனி நம்ம ஊருக்கென்றே உள்ள சங்கதி. ஃபைட்டர் மேற்பரப்பில் வந்து காற்றை விழுங்கும் மீன். அதற்கான உறுப்பு குஞ்சுக்குச் சில வாரம் கழித்துத்தான் உருவாகும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயில் வீசும் வறண்ட காற்று, திறந்த தொட்டியின் மேல் அடித்தால் நன்றாக இருந்த குஞ்சுகள் அப்போதுதான் சாகும். தண்ணீரைச் சந்தேகப்பட்டு அடிக்கடி மாற்றுவார்கள். அது இன்னும் கெடுதல். கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ போட்டு மூடி, ஓரத்தில் சிறு இடைவெளி மட்டும் விடுங்கள். உள்ளே காற்று ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். பங்குனி, சித்திரையில் பிரச்சினை தலைகீழ். நாலு அங்குலத் தண்ணீர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சீக்கிரம் கொதித்துவிடும்; தொட்டியைத் தரையோடு, சுவர் ஓரமாக வையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நேரடியாக ஊற்றாமல் மழைத்தண்ணீர் கலந்துகொள்ளலாம்.

இடத்தைக் கணக்குப் போடாமல் இறங்குவது கடைசித் தவறு. ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் பொரியலாம். இரண்டு மூன்று மாதத்தில் ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும், ஒவ்வொன்றுக்கும் தனி பாட்டில் வேண்டும், அத்தனைக்கும் தண்ணீர் மாற்றியாக வேண்டும். அதனால் யார் வாங்குவார்கள், எந்தக் கடை எடுக்கும் என்பதை ஜோடி சேர்க்கும் முன்பே பேசி வையுங்கள். மிஞ்சியதை வாய்க்காலிலோ வயலிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். இது தாய்லாந்துப் பக்கத்து மீன். 2018 வெள்ளத்தில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா போன்ற வெளிநாட்டு மீன்கள் கேரள ஆறுகளில் பிடிபட்டன. நம் வயல் தண்ணீரிலும் இதன் தூரத்துச் சொந்தமான சிறு மீன் ஒன்று இதே மாதிரி நுரைக்கூடு கட்டி வாழ்கிறது. அதன் இடத்தில் போட்டிக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.