விசுவாசத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வதில் நாம் செய்யும் தவறுகள்

காவிரிக் கரை ஊர்களில் ஆலயத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கினால், கல்வெட்டில் யார் பெயர் எந்த வரிசையில் வரவேண்டும் என்ற பேச்சே சபைக் கூட்டத்தில் மாதக்கணக்கில் நீளுவதுண்டு. பெயர் கல்லில் ஏறிவிட்டால் நம் விசுவாசமும் பேரப்பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு காலத்தில், 1718-இல், கட்டிமுடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆயினும் அந்த ஆலயத்தைப் பார்த்திராத தமிழரின் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது, 1706-இல் வந்திறங்கிய அவர் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதிப் பழகிய தமிழும், அதன் பலனாக 1715-இல் அச்சேறி முடிந்த புதிய ஏற்பாடும்தான்.

பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பியதோடு கடமை முடிந்தது என்றிருப்பது இன்னொரு தவறு. உபாகமம் 6-ஆம் அதிகாரம் சொல்லும் இடங்கள் வீடும் வழிநடையும் படுக்கையுமாகும். தீமோத்தேயுவின் விசுவாசத்தைக் குறிப்பிடும் பவுலும் அவருடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையுமே பெயர் சொல்லி நினைவுகூருகிறார்.

ஆனால் நான் அதிகம் பார்த்ததும், அதிகச் சேதம் விளைவிப்பதும், ஆலயத்தில் ஒரு முகமும் களத்தில் வேறொரு முகமும் காட்டுவதே. என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞானப்பாட்டுகள் மட்டும் மனப்பாடம். சம்பா அறுவடை நாட்களில், கூலி நெல்லை அளந்து கொடுத்து, கடைசி ஆள் முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டு போகும்வரை அவர் குடும்ப ஜெபத்துக்கு உட்காரமாட்டார். மரக்காலின் மேல் குவியும் நெல்லைக் கையால் வழிக்கவும் விடமாட்டார். தூக்கக் கலக்கத்தோடு காத்திருந்த எங்களுக்கு அப்போது அது எரிச்சலாகத்தான் இருந்தது. அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைப்பதைக் கண்டிக்கும் யாக்கோபின் நிருபப் பகுதியைப் பிற்பாடு வாசித்தபோது, எனக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

தஞ்சாவூரில் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருக்கு இருந்த மதிப்பும் இந்த வகையில் வந்ததே. ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டி, 1780-களின் தொடக்கத்தில், கோட்டைக்குள் பஞ்சம் வந்தபோது, முன்பு ஏமாற்றப்பட்டிருந்த சுற்றுவட்டாரத்து மக்கள் மாடுகளையும் நெல்லையும் தர மறுத்தார்கள். பணம் வந்துசேரும் என்று அவர் பொறுப்பேற்ற பிறகுதான் தந்தார்கள். அவர் பாதுகாப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர் கிறிஸ்தவராகவில்லை. எனினும் 1798-இல் இறந்த தம் ஆசானுக்காக அவர் வரவழைத்த பளிங்குச் சிற்பத்தில், மரணப்படுக்கையில் கிடக்கும் அந்த முதியவரின் கையை மன்னர் பற்றியிருக்கிறார். சபைப் பதிவேட்டில் கூடிய பெயர்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்கள் தஞ்சைக்குச் சென்று அந்தச் சிற்பத்தின் முன் சற்று நிற்கலாம்.

கெட்டதும் பரம்பரையாக வரும் என்பதை மறந்துவிடுகிறோம். ஆலயத்துக்குள் சாதிவாரியாக அமர்வதைக் கைவிட வேண்டும் என்று கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் வற்புறுத்தியபோது, தஞ்சைச் சபையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்று இருக்கைகள் பொதுவாகியிருக்கலாம். மகளுக்கு வரன் தேடும்போது பெற்றோர் முதலில் எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அன்றைய தினம் கற்றுக்கொண்டதை எந்தப் பிரசங்கமும் அழிப்பது கடினம்.

பெற்றவர்கள் தங்கள் தவறைப் பிள்ளைகளிடம் ஒப்புக்கொள்ளத் தயங்குவதும் இதோடு சேர்ந்ததே. வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பார்த்திராத பிள்ளைக்குப் பாவமன்னிப்பு வெறும் பாடப்புத்தகச் சொல்லாகவே நின்றுவிடுகிறது.

எல்லாம் என் கையாலேயே முடியவேண்டும் என்ற பிடிவாதத்தால், சபைப் பொறுப்புகளைத் தள்ளாத வயதுவரை இளையவர்களிடம் விடாதவர்களும் உண்டு. சீகன்பால்கு 1719-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத்தின் புத்தகம் வரையே வந்திருந்தது. எஞ்சியதைப் பின்னால் வந்த மிஷனரி ஷுல்ட்சே எடுத்துச் செய்தார்.