கிளாஸ்கோ செயின்ட் முங்கோ: போகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், கதீட்ரலுக்குப் பக்கத்திலேயே காசில் தெருவில் இருக்கிறது செயின்ட் முங்கோ மத வாழ்வு, கலை அருங்காட்சியகம். 1993இல் திறந்தார்கள். அனுமதி இலவசம். சின்ன இடம்தானே என்று எதையும் பார்க்காமல் கிளம்பிப் போய் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

பெரும்பாலோர் ஏமாறுவது டாலி ஓவியத்தில். சால்வடோர் டாலி 1951இல் வரைந்த சிலுவைக் கிறிஸ்துவை 1993 முதல் இங்கேதான் மாட்டியிருந்தார்கள். பழைய பயணக் கையேடுகளில் இன்றும் அப்படியே கிடக்கிறது. ஆனால் 2006இல் கெல்விங்ரோவ் அருங்காட்சியகம் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது ஓவியம் அங்கே போய்விட்டது. அது நகரின் மேற்குப் பக்கம், இங்கிருந்து சுமார் 4 கிலோமீட்டர். இரண்டையும் பார்ப்பதென்றால் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிழமை. திங்கட்கிழமை விடுமுறை. வெள்ளியும் ஞாயிறும் 11 மணிக்குத்தான் திறப்பார்கள்; மற்ற நாட்களில் 10 மணிக்கு. மூடுவது 5 மணிக்கு. பண்டிகைக் காலத்தில் இது மாறும் என்பதால் கிளம்பும் முன் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஞாயிறு காலையில் கதீட்ரலில் வழிபாடு நடக்கும். அதையும் சேர்த்துச் சுற்றிப் பார்க்க நினைத்தால் மதியத்துக்கு மேல் போவதே சரி.

கிளாஸ்கோவில் சுரங்க ரயில் இருக்கிறதே என்று நம்பிக் கிளம்பாதீர்கள். அது 15 நிலையங்களோடு வட்டமடிக்கும் ஒரே பாதை. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. படி ஏற முடியாதவர்களுக்கு அது இன்னும் சிரமம், ஏனென்றால் படியில்லாமல் போய்வர வசதியுள்ள நிலையங்கள் செயின்ட் ஈனக், கோவன் ஆகிய இரண்டுதான். சாதாரண ரயிலில் ஹை ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. வரைபடத்தில் தெரியாத ஒன்று, அந்த வழி முழுக்க மேடு. முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ராயல் இன்ஃபர்மரி பக்கம் போகும் பேருந்தைப் பிடிக்கலாம். அந்த மருத்துவமனை கதீட்ரலுக்கு அடுத்தே இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குள் லிஃப்ட் உண்டு.

கல் கட்டடத்தைப் பார்த்துவிட்டு நூற்றாண்டுப் பழமை என்று எண்ணிவிடாதீர்கள். முன்பு இங்கிருந்த கிறிஸ்தவ ஆயரின் (பிஷப்) கோட்டையின் சாயலில் 1989இல் கட்டியது. உண்மையான பழமை எதிர்ச்சாரியில் நிற்கிறது: 1471இல் கட்டிய புரோவன்ட்ஸ் லார்ட்ஷிப் வீடு.

உள்ளே போனதும் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. நடராஜரைப் பார்த்து, 'இதைத்தான் ஊரிலேயே பார்த்தாயிற்றே' என்று நகர்ந்துவிடுவார்கள். கோயிலில் பட்டும் மாலையும் சாத்தியிருப்பதால் நமக்குத் தெரிவது முகமும் தூக்கிய காலின் நுனியும்தான். இங்கே அலங்காரம் கிடையாது. மேல் வலக்கையில் உடுக்கை, மேல் இடக்கையில் தீ, முயலகன் முதுகில் ஊன்றிய வலக்கால், அந்த ஒற்றைக் காலில் முழு உடலும் நிற்கும் சமநிலை, எல்லாம் மறைவில்லாமல் தெரியும். ஐந்து நிமிடமாவது நில்லுங்கள்.

மத வாழ்வுக் கூடத்தில் தம் மதத்தின் பெட்டியை மட்டும் தேடிப் போவதும் வீண். பிறப்பு, பருவமடைதல், திருமணம், மரணம் என்று வாழ்க்கையின் கட்டங்களை வைத்தும் அங்கே பொருட்களை அடுக்கியிருக்கிறார்கள். பல மதத்துப் பொருட்களை அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தால்தான் அந்த அடுக்குமுறை பிடிபடும்.

முற்றத்தில் ஜப்பானிய பௌத்த முறையிலான ஜென் தோட்டம் இருக்கிறது. செடி கொடி எதிர்பார்த்து, கல்லும் சரளையும்தானே என்று திரும்பிவிடுகிறார்கள். சரளையில் வாரி இழுத்த கோடுகள்தான் அங்கே தண்ணீர். ஒரு காலடி பட்டாலும் கோடு கலைந்துவிடும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.