ஐம்பதைத் தாண்டிய மலை சைக்கிள்: மூச்சைப் பழக்குகிறோம், கையை மறந்துவிடுகிறோம்

நீண்ட இறக்கம் ஒன்றின் பாதியில் ஒருநாள் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. மூச்சு வாங்கவில்லை, காலும் வலிக்கவில்லை. பிரேக் லிவரைப் பிடித்திருந்த விரல்கள்தான் மடங்க மறுத்தன. முன்கை இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் கழற்ற முடிந்தது. அப்போது எனக்கு 54 வயது. அதற்கு முந்தைய நான்கு மாதமும் வாரத்துக்கு நூறு கிலோமீட்டர் குறையாமல் மிதித்திருந்தேன். உடம்பு நல்ல நிலையில் இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இதயமும் நுரையீரலும் நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால் மலைப்பாதையில் வயது முதலில் கை வைப்பது அங்கே இல்லை. பிடியின் பலம், சட்டென்று எழும் வேகம், தடுமாறினால் சமாளித்துக்கொள்ளும் நிதானம், கண் பார்வை, இவைதான் முதலில் குறைகின்றன. நாமோ கிலோமீட்டரை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வயதானபின் இந்த விளையாட்டை விட்டவர்களில் நான் பார்த்த பலரும் மூச்சு முட்டி விட்டவர்கள் அல்ல. ஓரிரு முறை விழுந்து, பயந்து விட்டவர்கள்.

இந்த விளையாட்டுக்கே வயது குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் ‘ரீபேக்’ என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியது 1976-ல். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக்கில் இருந்த கிரீஸ் சூட்டில் எரிந்து தீர்ந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். அன்று அங்கே ஓட்டிய கேரி ஃபிஷரும் ஜோ பிரீஸும் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். மலை சைக்கிளோடு சேர்ந்து வயதான முதல் தலைமுறையே அதுதான். நமக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் அதிகம் இல்லை. அதனால் ஒரே தவறுகளை ஆளாளுக்குத் தனித்தனியாகச் செய்து கற்றுக்கொண்டிருக்கிறோம்.

மிதித்தால் மட்டும் போதும் என்று இருப்பது

தசையில் மெதுவாக, நீண்ட நேரம் உழைக்கும் இழைகள் ஒரு வகை. சட்டென்று பலமாகச் சுருங்கும் இழைகள் இன்னொரு வகை. வயதாகும்போது இரண்டாவது வகைதான் அதிகம் மெலிகிறது. முப்பது வயதுக்கு மேல், கவனிக்காமல் விட்டால், பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது என்பது பொதுவான கணக்கு. சீரான வேகத்தில் இரண்டு மணி நேரம் மிதிப்பது இந்த வேக இழைகளைத் தொடுவதே இல்லை. ஆனால் வேர் குறுக்கிடும்போது முன்சக்கரத்தைத் தூக்குவதும், சரியும் வண்டியிலிருந்து காலை வெளியே வீசி ஊன்றுவதும் அவற்றின் வேலை.

மூச்சுப் பக்கம் அவ்வளவு கவலை வேண்டாம். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன், அசையாமல் இருப்பவர்களுக்குப் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இறங்கும். விடாமல் ஓட்டுகிறவர்களுக்கு அந்த இறக்கம் ஏறக்குறையப் பாதிதான். அந்தக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இல்லாதது பாரம் தூக்கும் பழக்கம். உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட பரிந்துரை, வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் சமநிலையைக் கூட்டும் பயிற்சியை மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. பெரிய ஜிம் தேவையில்லை. தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து பாரம் தூக்குவது, பாரத்தை வயிற்றை நோக்கி இழுப்பது, கம்பியில் தொங்குவது, இரு கையிலும் கனத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பது. இந்த ஐந்தும் போதும். முறையைப் பழகும்வரை இலேசான எடை. பழகியபின் எட்டுத் தடவைக்கு மேல் முடியாது என்கிற அளவுக்குக் கனமான எடை. இரண்டு கிலோவை ஐம்பது முறை ஆட்டிக்கொண்டிருப்பதில் வேக இழைகள் விழிப்பதில்லை.

என் கை விஷயத்தில் பெரிய மாற்றம் தந்தது கம்பியில் தொங்குவதுதான். முதல் வாரம் 15 விநாடிக்கு மேல் முடியவில்லை. ஒரு நிமிடம் வரை தொங்க மூன்று மாதம் ஆனது.

எலும்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட் சுமக்கிறது. எலும்பு கெட்டிப்பட அதற்கு நேரடியாகச் சுமை வேண்டும். மணிக்கணக்காக மிதித்தும் எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். பாரம் தூக்குவது இதற்கும் சேர்த்துத்தான். தின்பதிலும் கவனம் தேவை. 65-க்கு மேல் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது இப்போது மருத்துவர்கள் சொல்லும் அளவு. எழுபது கிலோ எடை உள்ளவருக்கு 70 முதல் 84 கிராம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பழைய பாடத்தை விடாமல் பிடித்திருப்பது

தொண்ணூறுகளில் ஓட்டக் கற்றவர்களுக்கு இது. செங்குத்தான இறக்கம் வந்தால் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, சீட்டுக்குப் பின்னால், ஏறக்குறைய பின்டயருக்கு மேல் தொங்க வேண்டும் என்றுதான் அன்று நமக்குச் சொன்னார்கள். அன்றைய வண்டிக்கு அது சரி. ஹேண்டில்பாரைத் தாங்கும் முன்பக்கக் குழாய் தரையோடு செய்யும் சாய்வு 71 பாகை அளவில், முன்சக்கரம் காலுக்கு அருகிலேயே இருக்கும். கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலும் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

இன்றைய வண்டிகளில் அந்தச் சாய்வு 64 முதல் 66 பாகை. முன்சக்கரம் வெகு தூரம் முன்னால் போய்விட்டது, சக்கரமும் பெரிதாகிவிட்டது. இதில் பின்னால் தொங்கினால் முன்டயரின் மேல் எடையே இருக்காது. எடை இல்லாத டயர் மண்ணைப் பிடிக்காது. வளைவில் திருப்பினால் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். புது வண்டி வாங்கியபின் வளைவில் அடிக்கடி முன்சக்கரம் வழுக்குகிறது என்று குறைப்படுகிறவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் பழைய பாடத்தோடு ஓட்டுகிறவர்களாக இருப்பார்கள். கை நீண்டு விறைத்துப் போவதால் ஒவ்வொரு குலுக்கலும் நேரே தோளுக்கு ஏறும். வயதான தோள் அதைத் தாங்காது.

சரி, எப்படி நிற்பது? இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில். முழங்கால் இலேசாக மடங்கியிருக்க வேண்டும். முழங்கை வெளிப்பக்கம் மடங்கி, நெஞ்சு தாழ்ந்து, தாடை ஹேண்டில்பாருக்கு மேலே இருக்க வேண்டும். எடை முழுக்கப் பாதத்தில். கை வண்டியைத் திருப்பத்தான், உடம்பைத் தாங்க அல்ல. ஒரு சின்னச் சோதனை: சுமாரான இறக்கத்தில் போகும்போது ஒரு நொடி விரல்களைத் தளர்த்திப் பாருங்கள், கைப்பிடியை விட்டுவிட வேண்டாம். உடம்பு முன்னாலோ பின்னாலோ சாயாமல் இருந்தால் நீங்கள் நிற்கும் இடம் சரி.

உடம்பு மாறியும் வண்டி அப்படியே

அன்று என் கை மடங்காமல் போனதற்குப் பாதிக் காரணம் பிரேக். லிவர் ஹேண்டில்பாரிலிருந்து தள்ளி இருந்தது. எட்டிப் பிடிக்க இரண்டு விரல் தேவைப்பட்டது. மீதி விரல்கள் மட்டும் கைப்பிடியைப் பிடித்திருந்தால் முன்கை எத்தனை நேரம் தாங்கும்? லிவரை உள்ளே கொண்டுவர ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. அதைத் திருகி, லிவரின் நுனி ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் வந்து உட்காரும்படி வைத்தேன். பத்து நிமிட வேலை. அப்புறம் 180 மில்லிமீட்டர் பிரேக் டிஸ்க்கை எடுத்துவிட்டு 203 மில்லிமீட்டர் போட்டேன். அதே விரல் பலத்துக்குப் பிடிப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. உங்கள் வண்டியின் முன்ஃபோர்க் எந்த அளவு டிஸ்க் வரை தாங்கும் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

டயரில் காற்று அதிகம் வைப்பது இன்னொரு பழங்காலப் பழக்கம். டியூப் இருந்த நாளில் 40 பிஎஸ்ஐ வைத்தவர்கள், டியூப் இல்லாத அகலமான டயரிலும் அதே அளவை ஏற்றுகிறார்கள். 2.4 அங்குல டயர், 75 கிலோ ஆள் என்றால் முன்னால் 22, பின்னால் 25 என்று தொடங்கி, இரண்டிரண்டாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். முதுகும் மணிக்கட்டும் உடனே வித்தியாசத்தைச் சொல்லும்.

சஸ்பென்ஷனையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஓட்டும் உடையோடு ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் அது அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் 25 முதல் 30 சதவீதம் அமுங்க வேண்டும். பத்தாண்டுக்கு முன் அதில் வைத்த காற்றழுத்தம் இன்றைய எடைக்குப் பொருந்தாது.

சீட்டை ஓட்டும்போதே இறக்கி ஏற்றும் டிராப்பர் போஸ்ட் இல்லையென்றால், வேறு எதையும் வாங்கும் முன் அதை வாங்குங்கள். இடுப்பு மூட்டு இறுகியவர்களுக்கு இதைவிட உதவும் பாகம் வேறில்லை. கியரிலும் பிடிவாதம் வேண்டாம். கனமான கியரில் கஷ்டப்பட்டு மெதுவாக மிதிப்பது முழங்காலைத்தான் தின்னும். பின்சக்கரத்தில் 51 அல்லது 52 பல் வரை போகும் பல்சக்கர அடுக்கு (கேசட்) இருக்கும்போது, ஏற்றத்தை இலேசாக்கும் அந்தப் பெரிய பல்சக்கரத்தைப் பயன்படுத்துங்கள்.

கண்ணாடி

மேல்பாதியில் தூரம், கீழ்ப்பாதியில் கிட்டம் என்று காட்டும் பிராகிரெசிவ் கண்ணாடியை அப்படியே மாட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் நிறைய. அதன் கீழ்ப்பகுதி புத்தகம் படிக்கச் செய்தது. இரண்டு மீட்டர் தள்ளிக் கிடக்கும் கல் அந்த வழியாகப் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும், இருக்கும் இடமும் கொஞ்சம் தள்ளித் தெரியும். ஓட்டுவதற்கென்று தூரப்பார்வை மட்டும் உள்ள ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கறுக்கும் கண்ணாடி நிழலுக்குள் நுழைந்ததும் தெளியாது, அதற்கு நேரம் பிடிக்கும். வயதான கண்ணும் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும். மரநிழல் தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைப்பது நல்லது.

தினமும் பந்தயம், அல்லது ஒருநாளும் இல்லை

கூட்டமாகப் போனால் ஒவ்வொரு ஏற்றமும் போட்டியாகிவிடும். இருபத்தைந்து வயதில் ஒரே இரவில் ஆறியது இப்போது ஆற இரண்டு மூன்று நாள் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கடுமையாக, மற்ற நாட்கள் பேசிக்கொண்டே போகும் வேகத்தில். அவ்வளவுதான். ‘220-இலிருந்து வயதைக் கழி’ என்று இதயத்துடிப்பு வரம்பு போட்டு அதையே வேதமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே வயதுள்ள இருவருக்குள் பத்துப் பதினைந்து துடிப்பு வித்தியாசம் சாதாரணம்.

கடுமையான முயற்சியையே விட்டுவிடுவதும் தவறுதான். அமெரிக்க வீரர் நெட் ஓவரெண்ட் 1990-ல், முதல் அதிகாரபூர்வ மலை சைக்கிள் உலகப் போட்டியில் வென்றபோது அவருக்கு 35 வயது. 2015-ல் அமெரிக்காவின் ஃபேட் பைக் (மிக அகலமான டயர் கொண்ட சைக்கிள்) தேசியப் பட்டத்தை வென்றபோது 59. தென்னாப்பிரிக்க வீரர் கிரெக் மினார் இறக்கப் பந்தயத்தில் நான்காவது உலகப் பட்டத்தை 39 வயதில் எடுத்தார். நாம் அவர்கள் இல்லை, தெரியும். ஆனால் வேகம் நாற்பதோடு முடிந்துவிடும் என்பதும் உண்மை இல்லை.

மோட்டார் உதவும் சைக்கிளைப் பற்றி என் கருத்து: வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பிய விதிப்படி 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வரைதான் அது உதவும், மிதித்தால்தான் ஓடும். முழங்கால் தேய்ந்தவர் மலையை விடாமல் இருக்க அது நல்ல வழி. ஆனால் பல வண்டிகள் 20 கிலோவுக்கு மேல் எடை. இறக்கத்தில் அதை நிறுத்துவதற்கும் விழுந்தால் தூக்குவதற்கும் அதே கைப்பலம் வேண்டும்.

விழுந்ததும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுவது

இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வயதாக ஆக மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. அங்கே இருக்கும் சிறு ரத்தக்குழாய்கள் சின்ன அடிக்கும் கிழியலாம், கசிவு மெதுவாக, நாட்கள் கழித்துக்கூட வெளியே தெரியலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளிருக்கும் நுரை நசுங்கியிருக்கலாம். ஏற்றத்தில் நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, தாறுமாறான துடிப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள், உச்சியைத் தொட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இறங்கி நடக்கக் கூச்சப்படுவது

பின்னால் ஆள் வருகிறார் என்பதற்காகப் பார்க்காத பாறைத்திட்டில் நேராக இறங்கி விழுந்தவர்கள் பலர். நானும் ஒருவன். இப்போது புதிய பாதையென்றால் கடினமான இடத்துக்கு முன்பே வண்டியை ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு, கீழே நடந்து போய், அங்கிருந்து மேலே திரும்பிப் பார்க்கிறேன். கீழிருந்து பார்த்தால் சக்கரம் போக வேண்டிய கோடு தெளிவாகத் தெரியும். மேலே வந்து, எந்த இடத்தில் பிரேக்கை விடுவது என்று ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு இறங்குகிறேன். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அதே பத்து மீட்டரை இன்னும் இரண்டு தடவை. மூன்றாவது தடவை இறங்கும்போது கண் கல்லை விட்டுவிட்டு அடுத்த வளைவைத் தேட ஆரம்பித்திருக்கும். நான்காவது தடவைக்குக் கை சோர்ந்திருக்கும், அதனால் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.