புள்ளி குவிப்பவரின் கணக்கைப் படிப்பது எப்படி?

கூடைப்பந்து ஆட்டங்களுக்கு ஸ்கோர் ஷீட் எழுதிப் பழகியவன் நான். ஒருவர் ஆட்டத்துக்கு 30 புள்ளி எடுக்கிறார் என்று யாராவது சிலாகித்தால், "எத்தனை ஷாட்டில்?" என்றுதான் கேட்பேன். ஒரு நட்சத்திரத்தின் கணக்கைப் புரட்டும்போது நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். சராசரி எங்கும் ஓடிவிடாது.

கிடைத்த வாய்ப்புகளை ஒருவர் எவ்வளவு நன்றாகப் புள்ளியாக்கினார் என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத எறிதல்) முயற்சிகளை 0.44ஆல் பெருக்கி, மற்ற ஷாட் முயற்சிகளோடு கூட்டுங்கள். வந்ததை இரட்டித்து, அந்த எண்ணால் புள்ளிகளை வகுத்துச் சதவீதமாக்கிவிடுங்கள். ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாகக் கிடைப்பதால் பாதி என்று எடுக்கலாமே எனத் தோன்றும். கூடை விழுந்தபின் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ தனி வாய்ப்பாகாது. அதனால்தான் அரைக்கும் சற்றுக் குறைவு.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் இரண்டு பெரிய இரவுகளில் இதைப் போட்டுப் பாருங்கள். 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி நகரில் வில்ட் சேம்பர்லின் 100 புள்ளி எடுத்தார்: 63 ஷாட், 32 ஃப்ரீ த்ரோ. விடை 65 சதவீதம். 2006 ஜனவரி 22 அன்று டொராண்டோவுக்கு எதிராக கோபி பிரையன்ட் எடுத்தது 81: 46 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ. விடை 74. உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து கூடையில் போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) வந்ததே 1979-80 பருவத்தில்தான். கோபிக்கு அந்தக் கோட்டால் கூடுதலாகக் கிடைத்தவை ஏழு புள்ளிகள். அவற்றைக் கழித்தாலும் 67.5 நிற்கிறது. அந்த 81தான் மேல் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்து நிமிடங்கள். 1961-62இல் ஆட்டத்துக்கு சேம்பர்லினின் சராசரி 50.4 புள்ளி, மைக்கேல் ஜோர்டனின் உச்சம் 1986-87இல் 37.1. பதிமூன்று புள்ளி இடைவெளி மலைக்க வைக்கும். ஆனால் ஆட்டமே 48 நிமிடம்தான். சேம்பர்லின் ஆடியதோ, கூடுதல் நேரத்தையும் சேர்த்து, சராசரியாக 48.5. ஜோர்டன் ஆடியது 40. இருவரையும் 36 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் 37.4, 33.4. இடைவெளி நான்காகச் சுருங்கிவிடுகிறது! அக்கால அணிகள் ஓடி ஓடி அதிக ஷாட் எடுத்தவை என்பதையும் சேர்த்தால் இன்னும் சுருங்கும்.

பருவத்தின் கடைசி ஆட்டத்தை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள்; அங்கே வெற்றியைவிடப் புள்ளிப் பட்டம் பெரிதாகிவிடலாம். 1978இல் கடைசி நாள் பகலில் டேவிட் தாம்சன் 73 எடுத்தார். அன்றிரவே ஜார்ஜ் கெர்வின் 63 எடுத்து, 27.22க்கு 27.15 என்ற சராசரிக் கணக்கில் அந்தப் பருவத்தின் புள்ளிப் பட்டத்தைப் பறித்தார். கெர்வினின் அணி அந்த ஆட்டத்தில் தோற்றது.