லுசியா பன்: காய்ந்து போகாமல் குங்குமப்பூ பன் சுடுவது எப்படி

டிசம்பரில் ஸ்வீடனின் உப்சாலாவில் காலை 8.30 தாண்டித்தான் வெளிச்சம் வரும். மதியம் 3 மணிக்கு முன்பே விளக்கைப் போட்டுவிட வேண்டும். ஏழு குளிர்காலம் இங்கே கழித்தாயிற்று. இந்த இருட்டில் நான் நாள் எண்ணிக் காத்திருப்பது டிசம்பர் 13-க்கு, அதாவது லுசியா நாளுக்கு. விடியும் முன்பே, வெள்ளை அங்கியும் இடுப்பில் சிவப்பு நாடாவுமாக ஒரு பெண் தலையில் மெழுகுவத்திக் கிரீடத்தோடு முன்னே வருவாள். பின்னால் கையில் விளக்கோடு பிள்ளைகள் பாடிக்கொண்டே வருவார்கள். மகளின் பாலர் பள்ளி முற்றத்தில் பனியில் நின்று முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கார்த்திகை தீபம் ஞாபகம் வந்தது. வாசலில் அகல் வரிசை வைத்துவிட்டு அம்மா திரும்பிப் பார்ப்பாளே, அதே வெளிச்சம்.

பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கில் வருடத்தின் மிக நீண்ட இரவு இந்த நாளையொட்டித்தான் வந்தது. லுசியா சிசிலித் தீவின் சிரகூசாவைச் சேர்ந்த புனிதர். வெள்ளை உடை லுசியா பற்றி ஸ்வீடனில் கிடைத்திருக்கும் பழைய குறிப்பு 1764-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, வேஸ்டெர்யோட்லாந்து பகுதியின் ஒரு பண்ணை மாளிகையில் எழுதப்பட்டது. இன்றைக்குப் பள்ளி, ஆபீஸ், மருத்துவமனை என எங்கும் லுசியா ஊர்வலம் உண்டு. எங்கே போனாலும் காபியோடு கையில் வரும் பலகாரம் லுஸ்ஸெகாட், மஞ்சள் நிறத்தில் S வடிவத்தில் இருக்கும் குங்குமப்பூ பன். 'காட்' என்றால் பூனை. இரண்டு முனையிலும் சுருண்டிருப்பதைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் படுகிறது.

இதில் ஒரே ஒரு சிக்கல்: காய்ந்து போவது. காலையில் சுட்டது மாலையில் ரஸ்க் மாதிரி ஆகிவிடும். "குங்குமப்பூதான் மாவை வறட்டிவிடுகிறது" என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். மூன்று வருடம் நானும் அதை நம்பினேன். நான்காம் வருடம் காரணம் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்னென்ன வேண்டும் (16 முதல் 18 பன் வரும்)

பால் 250 மி.லி., ஃப்ரெஷ் ஈஸ்ட் 25 கிராம், குங்குமப்பூ அரை கிராம், சர்க்கரை 90 கிராம், க்வார்க் (தயிர் போலப் புளிக்கும் மெத்தென்ற சீஸ்) 125 கிராம், உப்பு அரை டீஸ்பூன், மைதா 500 கிராம், மெத்தென்ற வெண்ணெய் 80 கிராம். மேலே தடவ ஒரு முட்டை. உலர் திராட்சை ஒரு கைப்பிடி.

க்வார்க் கிடைக்காத ஊரில், கட்டித் தயிரைத் துணியில் கட்டி நான்கு மணி நேரம் தொங்கவிட்டு எடுத்த தயிர் நன்றாகவே வேலை செய்கிறது. ட்ரை ஈஸ்ட் என்றால் 7 அல்லது 8 கிராம் போதும். திராட்சையை முதலிலேயே வெந்நீரில் போட்டுவிடுங்கள், அப்போதுதான் ஓவனில் கருகாது.

எடைத் தராசு கட்டாயம் வேண்டும். இங்கே சமையல் குறிப்பெல்லாம் டெசிலிட்டர் கணக்கில்தான் இருக்கும். ஒரு டெசிலிட்டர் மைதா 60 கிராம் என்று வைத்துக்கொள்வார்கள். கப்பை மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 70 கிராமைத் தாண்டிவிடும். எட்டு கப் அள்ளும்போது எவ்வளவு கூடுதலாகப் போகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குங்குமப்பூ: முந்தின இரவே

ஸ்வீடன் கடைகளில் அரை கிராம் காகித உறையில் பொடியாக விற்பார்கள். பல கடைகளில் அது பணம் கட்டும் இடத்தில்தான் இருக்கும், கேட்டு வாங்க வேண்டும். பொடி வசதிதான். ஆனாலும் நான் இழைதான் வாங்குவேன். ஊருக்குப் போகும்போது காஷ்மீரின் பாம்போர் குங்குமப்பூ ஒரு டப்பா வாங்கி வந்துவிடுவேன். ஒரு கிராம் இழைக்கு 150 பூக்கள் அளவுக்குப் பறிக்க வேண்டும். அப்படி வந்த பொருளை நேரடியாக மாவில் தூவினால் அங்கங்கே சிவப்புக் கோடாக நிற்குமே தவிர நிறம் முழுதாக இறங்காது.

இழையோடு ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்த்துச் சின்ன உரலில் நுணுக்குங்கள். சர்க்கரைப் பரல் இழையை அரைத்துக் கொடுக்கும். அளந்த பாலிலிருந்து இரண்டு டேபிள்ஸ்பூன் எடுத்து வெதுவெதுப்பாக்கி அதில் கரைத்து, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இங்கே சிலர் ஒரு ஸ்பூன் வோட்காவில் ஊறவைப்பார்கள். அதிலும் நிறம் நன்றாக இறங்கும். எனக்குப் பால்தான் பிடிக்கும். காலையில் மூடியைத் திறந்தால் அடுக்களை முழுக்க வாசம்.

ஈஸ்ட்

பாலை 37 டிகிரிக்குச் சூடாக்குங்கள். இங்கே இதை 'விரல் சூடு' என்பார்கள், விரலை விட்டால் சூடாகவும் தெரியாது, குளிர்ச்சியாகவும் தெரியாது. 50 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். ஒரு ப்ரோப் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் பன் வெந்ததா என்று பார்க்கவும் அதுதான் உதவும். ஃப்ரெஷ் ஈஸ்டை உதிர்த்துப் பாலில் கரையுங்கள். இனிப்பு மாவுக்கென்று தனி ஈஸ்ட் கிடைத்தால் அதையே எடுங்கள். சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொள்வதால் சாதாரண ஈஸ்ட் இதில் சோம்பலாக வேலை செய்யும்.

பிசைதல்: நான் சறுக்கிய இடம்

ஈஸ்ட் பால், குங்குமப்பூப் பால், சர்க்கரை, க்வார்க், உப்பு, மைதா 450 கிராம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். மீதி 50 கிராமைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நிமிடத்தில் மாவு கையிலும் பாத்திரத்திலும் பசையாக ஒட்டும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை உடனே மாவுப் பையைத் தேடும். நானும் தேடினேன். ஒரு பிடி போட்டேன், ஒட்டியது. இன்னொரு பிடி, இன்னொரு பிடி. கடைசியில் கையில் ஒட்டாத அழகான உருண்டை வந்தது. அதுதான் மாலைக்குள் ரஸ்க் ஆனது.

நான்காம் வருடம், மேல்மாடியில் இருக்கும் எண்பதை நெருங்கும் ஒரு அம்மா, மெழுகுவத்தி கேட்டு வந்தவர் அடுக்களை வாசலில் நின்று பார்த்தார். பேசாமல் கையைக் கழுவிவிட்டு வந்து, ஆள்காட்டி விரலை மாவில் வைத்து எடுத்தார். விரல் நுனியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "இது போதும், இனிமேல் மாவைத் தொடாதே" என்றார். என் கையிலிருந்த மாவுப் பையை வாங்கி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போனார்.

பரோட்டா மாஸ்டர்கள் செய்வதும் இதுதானே. மாவை இளக்கமாகப் பிசைந்து, எண்ணெயில் ஊறவைத்து, எண்ணெய்க் கையால்தான் தொடுவார்கள். ஒட்டுகிறது என்று மேலும் மேலும் மைதாவைத் தூவ மாட்டார்கள். ஊரில் சின்ன வயதிலிருந்து கண்ணால் பார்த்த வேலை, எனக்கு உப்சாலாவில்தான் உறைத்தது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். மெஷின் என்றால் குறைந்த வேகத்தில் 8 நிமிடம் ஓடவிடுங்கள். கை என்றால் 12 நிமிடம், கையில் ஒரு ஸ்க்ரேப்பர் வைத்துக்கொண்டு ஒட்டியதை வழித்து வழித்துப் பிசையுங்கள். இந்த மாவுக்கு நான் மெஷின் கட்சி, ஏனென்றால் அதற்கு மாவு சேர்க்கும் ஆசை வராது. பிறகு வெண்ணெயை ஐந்தாறு துண்டாக, ஒன்று கலந்ததும் அடுத்தது என்று போடுங்கள். முதல் துண்டு விழுந்ததும் மாவு பிய்ந்து, எண்ணெய்ப் பிசுக்காகி, கெட்டுவிட்டதோ என்று தோன்றும். பயப்படாதீர்கள். இன்னும் 6 நிமிடத்தில் தானாகச் சேர்ந்து, பாத்திரத்தின் ஓரத்தை விட்டு விலகும். ஒரு சின்னத் துண்டை எடுத்து மெதுவாக விரித்தால், கிழியாமல் விளக்கு வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக வர வேண்டும். வெண்ணெய் முழுதும் கலந்த பிறகும் குழம்பு போல் பரவினால் மட்டும், ஒதுக்கிய 50 கிராமிலிருந்து ஒவ்வொரு ஸ்பூனாகச் சேருங்கள். எனக்குப் பெரும்பாலும் பாதிக்கு மேல் தேவைப்படாது.

மூடிவைத்து 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், இரண்டு மடங்காகும் வரை விடுங்கள்.

உருட்டல்

மேசையில் மாவு தூவ வேண்டாம், கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவுங்கள். 60 கிராம் உருண்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 25 செ.மீ. கயிறாக உருட்டுங்கள். சுருங்கிச் சுருங்கி வந்தால் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி உருட்டுங்கள். ஒரு முனையை மேல் பக்கமாகவும் மறு முனையை கீழ்ப் பக்கமாகவும் சுருட்டினால் S வரும். தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, மூடி, 30 நிமிடம் வையுங்கள். அடித்த முட்டையைத் தடவி, இரண்டு சுருளின் நடுவிலும் திராட்சையை நன்றாக ஆழமாக அழுத்துங்கள். மேலோட்டமாக வைத்தால் பன் உப்பும்போது அதைத் தள்ளிவிடும்.

ஓவன்

225 டிகிரி, நடு அடுக்கு, ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான். 6 முதல் 8 நிமிடம். காய்ந்து போவதற்கு இன்னொரு காரணம் இங்கேதான் இருக்கிறது: நிறம் போதவில்லை என்று இரண்டு நிமிடம் கூட விடுவது. ஐந்தாவது நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருங்கள். பன்னின் உள்ளே 94 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம். எடுத்த கையோடு சுத்தமான பருத்தித் துணியால் மூடுங்கள். அந்த ஆவி மேல்தோலை மெத்தென்று வைத்திருக்கும்.

ஆறியதும் அன்றைக்குத் தின்னப் போவதை மட்டும் வெளியே வையுங்கள். மீதியை உடனே ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம், அந்தக் குளிரில் பன் இன்னும் சீக்கிரம் விறைத்துவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வடக்கே ரயிலேறும்போது ஃப்ரீசரிலிருந்து எட்டு பன்னை எடுத்துத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்வோம். யேவ்லே நகரம் தாண்டி வெளியே வெறும் பனியும் பைன் மரமும் ஆகிற நேரத்தில் பன் இளகி வந்திருக்கும். ஃபிளாஸ்க் காபியோடு அதைத் தின்பதற்காகவே எனக்கு அந்தப் பயணம் பிடிக்கும்.

பிறகு சேர்த்தது

போன வருடம் இதைச் செய்து பார்த்தவர்கள் கேட்டதில் மூன்று விஷயங்களை இங்கே சேர்க்கிறேன்.

முட்டை வேண்டாம் என்பவர்களுக்கு: மாவில் முட்டை கிடையாது, மேலே தடவ மட்டும்தான். பால் தடவிச் சுட்டு, எடுத்ததும் சூட்டிலேயே உருக்கிய வெண்ணெய் தடவுங்கள். பளபளப்பு கொஞ்சம் குறையும், ருசி குறையாது.

சென்னையிலிருந்து ஒருவர், மாவு பொங்கி அமுங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். என் நேரக் கணக்கு 20 டிகிரி அடுக்களைக்கு உரியது. 30 டிகிரி வெயிலில் ஈஸ்டைப் பாதியாக்குங்கள், 30 நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி நிரம்ப வேண்டும், அதுதான் பதம்.

சின்ன ஓ.டி.ஜி. ஓவனில் மேல்கம்பி பன்னுக்கு மிக அருகில் இருப்பதால் மேலே கருகி உள்ளே வேகாமல் போகிறது. ஒரு அடுக்கு கீழே இறக்கி 200 டிகிரியில் 9 நிமிடம் வைத்துப் பாருங்கள். ஃபேன் உள்ள ஓவனுக்கும் 200 டிகிரிதான், ஆனால் 7 நிமிடத்தில் எட்டிப் பார்த்துவிடுங்கள்.