மிலாறுப் புகை படிந்த கண்ணாடிக்குச் சாம்பல், மழைக்கறைக்கு வினாகிரி

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா என்று இலங்கை மலையகத்தின் மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு மே மாதம் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை லேசில் விடாது. அதனால் வீட்டைப் புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்வதைத் தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் இடையில் முடித்துவிட வேண்டும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் மார்கழி, தையில்தான் நல்ல மழை. அங்கே மாசி பிறந்த பிறகு தொடங்கலாம்.

நான் ஜன்னலில் இருந்துதான் ஆரம்பிப்பேன். கண்ணாடி தெளிந்தால் அறைக்குள் வெளிச்சம் வரும், மற்ற அழுக்கெல்லாம் தானாகக் கண்ணில் படும். ஆனால் கண்ணாடியில் இருப்பது ஒரே அழுக்கு இல்லை. உள்பக்கம் அடுப்புப் புகை, வெளிப்பக்கம் மழைத் தண்ணீர்க் கறையும் மண்ணும், சட்டத்து மூலையில் பூஞ்சணம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றையும் ஒரே போத்தலில் கலந்து அடிப்பதால்தான் பலருக்கும் கோடு கோடாக நின்றுவிடுகிறது.

முதலில் புகை. கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சிகளை, எரிக்கும் வீட்டில் குசினி ஜன்னலை விரலால் தடவிப் பாருங்கள், பழுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டும். இதை வினாகிரி அசைக்காது. அதே அடுப்பின் சாம்பல் அசைக்கும், ஏனென்றால் விறகுச் சாம்பலில் காரம் இருக்கிறது, அது பிசுக்கைக் கரைக்கும். நன்றாக ஆறிய சாம்பலை மெல்லிய துணியில் சலித்து எடுங்கள். இந்த வேலையில் அவசரப்படவே வேண்டாம், ஒரு சிறு கல்லோ கரித்துண்டோ இருந்தாலும் கண்ணாடியில் கீறல் விழும், பிறகு அது போகாது. சலித்த சாம்பலை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் மாவுபோல இருக்க வேண்டும். நனைத்துப் பிழிந்த துணியில் அதைத் தொட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் துணி உடனே கறுக்கும். துணியைத் திருப்பித் திருப்பிப் பிடியுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு தரம் துடைத்துவிடுங்கள். கை வறண்டு எரியும் என்பதால் கையுறையோ பொலித்தீன் பையோ போட்டுக்கொள்வது நல்லது.

காஸ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்குச் சாம்பல் கிடைக்காது. அவர்கள் ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரில் சன்லைட் சவுக்காரத்தைக் கொஞ்சம் சீவிக் கரைத்துக்கொள்ளலாம். எண்ணெய்ப் பிசுக்குக்கு அதுவே போதும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சவுக்காரத் தண்ணீர் காயும் முன் அதன் மேலேயே வினாகிரியை ஊற்றக்கூடாது. புளிப்புப் பட்டதும் சவுக்காரம் திரிந்து, வெள்ளையாகக் கொழுப்புப் படிந்துவிடும். நடுவில் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட வேண்டும். அப்பச்சோடாவும் வினாகிரியும் அப்படித்தான். இரண்டையும் கலந்தால் நுரை பொங்கும், பார்க்க வேலை நடப்பது போலவே இருக்கும். நுரை அடங்கியதும் அதில் சோடாவும் இல்லை, புளிப்பும் இல்லை, ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. அப்பச்சோடாவைத் தனியாகக் குழைத்துக் கழுவு தொட்டிக்கும் அடுப்பு மேடைக்கும் வையுங்கள்.

சரி, வெளிப்பக்கம். காய்ந்த தும்புத்தடியால் சட்டத்து மண்ணையும் சிலந்தி வலையையும் முதலில் தட்டிவிடுங்கள், ஈரம் பட்டால் மண் சேறாகிவிடும். ஒரு கப் வினாகிரிக்கு மூன்று கப் தண்ணீர். கடையில் விற்கும் தெளிந்த மலிவு வினாகிரி போதும், தென்னை வினாகிரியை அச்சாறுக்கு வையுங்கள். வெயில் நேராக அடிக்கும் நேரம் வேண்டாம், துடைக்கும் முன் காய்ந்து கோடு விழும். காலைப் பனி விலகி, கண்ணாடியில் ஈரம் வற்றிய பிறகு, வானம் மூட்டமாக இருக்கும் நேரமே தோதானது. உள்பக்கம் குறுக்காகவும் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாகவும் துடையுங்கள். கோடு தெரிந்தால் அது எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டியதில்லை. கடைசியாக ஒரு காய்ந்த துணி. பழைய நூல் சேலைத் துண்டுதான் என் தேர்வு. பேப்பரும் நன்றாகத் துடைக்கும், ஆனால் வெள்ளைப் பெயின்ட் சட்டத்தில் மை இறங்கும்.

பழைய பங்களாக்களிலும் ஸ்டாஃப் குவாட்டர்ஸ்களிலும் சின்னச் சின்னக் கண்ணாடிகளைப் புட்டி என்ற பசை வைத்துப் பொருத்தியிருப்பார்கள். அங்கே வினாகிரியைக் கண்ணாடியில் அடிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். மரச் சட்டம் ஊறக்கூடாது.

பூஞ்சணத்தைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், பறந்து மற்ற மூலைக்கும் போகும், இருமல் உள்ளவர்களுக்கு ஆகாது. பெயின்ட் அடித்த மரத்தில் தண்ணீர் கலக்காத வினாகிரியைத் துணியால் ஒற்றி, ஒரு மணி நேரம் விட்டு, துடைத்துக் காயவிடுங்கள். ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவரிலும் சீமெந்துத் தரையிலும் வினாகிரி, தேசிக்காய் எதுவும் படக்கூடாது, புளிப்பு சுண்ணாம்பை அரித்துவிடும். லயம் என்ற தோட்ட வரிசை வீட்டுச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு ஒரு பூச்சே நல்ல மருந்து, அதன் காரத்தில் பூஞ்சணம் சுலபமாகப் பிடிக்காது. அடிக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட இதை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கக்கூஸ் கழுவும் பிளீச்சோடு வினாகிரியோ தேசிக்காயோ சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். ஒரே வாளியைக்கூட இரண்டுக்கும் பாவிக்க வேண்டாம். வினாகிரித் தண்ணீர் கலந்து வைத்த போத்தல்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள், குடிக்கிற போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம்.

ஜன்னலின் பித்தளைக் கொக்கிக்குப் புளியும் கொஞ்சம் உப்பும் போதும், கழுவியதும் உடனே துடைத்துவிட வேண்டும். தரை கூட்டும்போது, பிழிந்த தேயிலைச் சக்கையைத் தூவிக் கூட்டினால் தூசி எழும்பாது. சிவப்புச் சீமெந்துக்கு அது சரி, வெளிர் நிறத் தரையில் கறை பிடிக்கும்.

திரைச்சீலையைச் சட்டம் முழுதும் காய்ந்த பிறகுதான் மாட்டவேண்டும். மழை பிடித்ததும் காலையில் கண்ணாடியின் உள்பக்கம் வழியும் தண்ணீரைத் தினமும் துணியால் ஒற்றி, வெளிச்சம் வந்ததும் ஒரு கதவையாவது சற்று நேரம் திறந்துவிடுங்கள்.